வேம்பும் கொசுப்புழுவும்

2012-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் 12,826 பேருக்கு டெங்கு கண்டறியப்பட்டது. 66 பேர் உயிரிழந்தனர். அவ்வாண்டு மிகுதியாகப் பாதிக்கப்பட்டது அன்றைய திருநெல்வேலி மாவட்டம். இன்று தென்காசி மாவட்டத்தில் உள்ள கடையநல்லூர் அப்போது நோயின் முக்கிய மையங்களுள் ஒன்றாக இருந்தது. ஆகவே குற்றாலத்தில் சாரல் தொடங்கியதும், தண்ணீர்த் தொட்டியில் வேப்பெண்ணெய் ஊற்றலாமா, வேப்பிலை போடலாமா என்று மக்கள் கேட்பதில் வியப்பில்லை.

வேம்பு கொசுப்புழுவைக் கொல்லும் என்பது உண்மையே. கொசுப்புழு நான்கு பருவங்களாக வளர்ந்து, பருவந்தோறும் தோலுரித்துப் பின் கூட்டுப்புழுவாகிறது. வேப்பங்கொட்டைப் பருப்பில் உள்ள அசாடிராக்டின் என்னும் பொருள், தோலுரித்தலை இயக்கும் ஹார்மோனைக் குலைக்கிறது. ஆதலால் புழு உடனே சாவதில்லை. அடுத்த தோலுரிப்பில் சிக்கிச் சில நாட்களில் மடிகிறது.

இதை வயலில் சோதித்தவர்கள் மதுரையில் இயங்கிய மருத்துவப் பூச்சியியல் ஆராய்ச்சி மையத்தினர். 1990-களின் தொடக்கத்தில் அவர்கள் நெல்வயலில் ஹெக்டேருக்கு 500 கிலோ என்ற அளவில் வேப்பம் பிண்ணாக்குத் தூளை இட்டனர். யூரியாவின் மேல் பூசியும் இட்டுப் பார்த்தனர். முதிர்ந்த புழுக்களும் கூட்டுப்புழுக்களும் பெரிதும் குறைந்தன. நீரைக் கட்டியும் வடியவிட்டும் பாய்ச்சும் முறையையும் அதனுடன் இணைத்து ஆராய்ந்தனர். சிற்றாற்றுப் பாசன உழவர்களும் அறிந்துகொள்ளத்தக்க ஆய்வு இது. ஆனால் அந்த 500 கிலோ என்னும் அளவைக் கவனியுங்கள். கைப்பிடி வேப்பிலையின் கதை அன்று. மேலும், நெல்வயலில் வளர்பவை மூளைக்காய்ச்சலைப் பரப்பும் கியூலெக்ஸ் இனக் கொசுக்கள்.

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவோ வயலை நாடுவதில்லை. நாம் சேமித்து வைக்கும் நீரில், அதாவது சிமெண்ட் தொட்டி, பிளாஸ்டிக் டிரம், பிரிட்ஜின் பின்தட்டு, மழைநீர் தேங்கிய டயர், தேங்காய்ச் சிரட்டை ஆகியவற்றில் அது முட்டையிடுகிறது. குடிக்கவும் சமைக்கவும் பயன்படும் நீரில் அளவு தெரியாத சாற்றைக் கலப்பது தகாது. ஆய்வகத்தில் கரைப்பான் கொண்டு பிரித்தெடுத்த சாறும் அடுப்பில் காய்ச்சிய கஷாயமும் ஒன்றல்ல. அசாடிராக்டின் வெயிலிலும் விரைவில் சிதைந்துவிடும். இன்னொன்று பலருக்கு வியப்பளிக்கும்: தழைகள் ஊறி அழுகிய நீரின் மணம் முட்டையிட வரும் ஏடிஸ் கொசுவை ஈர்க்கிறது. புழுவுக்கு அந்நீரில் உணவும் கிடைத்துவிடுகிறது. நன்மை கருதிப் போட்ட இலை, கொசுவுக்கு விருந்தாகலாம்.

ஏடிஸின் முட்டைகள் நீர்மட்டத்திற்குச் சற்று மேலே பாத்திரச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். உலர்ந்த நிலையிலும் பல மாதங்கள் உயிரோடிருக்கும். நீரை மட்டும் கொட்டிவிட்டு மீண்டும் நிரப்பினால் அவை பொரியும். முட்டை கொசுவாக ஏறத்தாழ ஏழு முதல் பத்து நாட்களாகும். எனவே வாரம் ஒருமுறை உட்சுவரைத் தேங்காய் நாரால் அழுந்தத் தேய்த்துக் கழுவி, நிரப்பிய பின் இறுக மூட வேண்டும். கழுவ இயலாத பெருந்தொட்டிகளில் சுகாதாரப் பணியாளர் ஊற்றும் ‘அபேட்’ மருந்தை மறுக்காதீர்கள். லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் என்ற அளவில் அதைக் குடிநீரில் பயன்படுத்த உலக சுகாதார நிறுவனம் ஏற்றுள்ளது.

வேப்பெண்ணெயைக் குழந்தைகளுக்குக் குடிக்கக் கொடுக்கவே கூடாது. வாந்தி, வலிப்பு, நினைவிழப்பு வரை செல்லும் நச்சு விளைவுகளை மலேசிய மருத்துவர்கள் 1981-லேயே பதிவு செய்துள்ளனர். சீத்தாப்பழ விதைத்தூளும் கண்ணில் பட்டால் கருவிழியைப் புண்ணாக்கும். குழந்தை வேப்பெண்ணெயைத் தவறுதலாகக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்கச் செய்ய முயலாமல், அந்தப் புட்டியையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்கு வாருங்கள்.