கருப்பைக்குள் போகும் முன்பே கருவுக்கு டெஸ்ட்!

'மூத்தவனுக்கு தலசீமியா. மூணு வாரத்துக்கு ஒரு தடவை ரத்தம் ஏத்தியே ஆகணும். அடுத்ததும் இப்படியே பிறந்துட்டா என்ன டாக்டர் செய்வோம்?'

இப்படிக் கேட்கும் ஒரு தம்பதியை நினைத்துப் பாருங்கள். இருவருக்கும் எந்த நோயும் இல்லை. ஆனால், ஆளுக்கொரு பழுதான ஜீன் உடம்பில் ஒளிந்திருக்கிறது. அந்த இரண்டுமே குழந்தைக்குப் போய்ச் சேர நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. 'முதல் குழந்தைக்கு வந்தாச்சு, அடுத்த மூணும் தப்பிச்சுடும்' என்று மட்டும் கணக்குப் போடாதீர்கள். ஒவ்வொரு கர்ப்பத்துக்கும் சீட்டு புதிதாகத்தான் குலுக்கப்படுகிறது!

கர்ப்பமான பிறகு, 11-வது வாரம் வாக்கில் நஞ்சுத் திசுவைக் கொஞ்சம் எடுத்துச் சோதிக்கலாம். நோய் இருந்தால்? கலைப்பதா, வேண்டாமா என்ற வேதனை. அதைத் தவிர்க்க வந்ததுதான் கருவைக் கருப்பையில் வைக்கும் முன்பே சோதிக்கும் முறை. லண்டன் ஹேமர்ஸ்மித் ஆஸ்பத்திரியில் ஆலன் ஹேண்டிசைட், ராபர்ட் வின்ஸ்டன் குழுவினர் செய்த சோதனையால் 1990-ல் முதல் குழந்தைகள் பிறந்தன. ஆண் பிள்ளைகளையே தாக்கும் பரம்பரை நோய் உள்ள குடும்பங்கள் அவை. அதனால் பெண் கருக்களாகப் பார்த்து வைத்தார்கள்.

எப்படிச் செய்கிறார்கள்? முதலில் கணவன், மனைவி, முடிந்தால் நோயுள்ள குழந்தை, மூவரின் ரத்தத்தையும் வாங்கி எந்த ஜீனில் எங்கே பழுது என்று கண்டுபிடிக்கிறார்கள். இதற்கே பல வாரம் ஆகலாம். பிறகு வழக்கமான டெஸ்ட் டியூப் முறைதான். ஊசி போட்டு முட்டைகளை வளர்த்து, வெளியே எடுத்து, லேபில் கருவாக்குகிறார்கள். ஐந்தாம் நாள் கருவின் உள்ளே இருக்கும் செல் கொத்துதான் குழந்தையாகப் போகிறது. வெளிச்சுவர் நஞ்சாக மாறும். அந்தச் சுவரிலிருந்து ஐந்து முதல் பத்து செல்களை மட்டும் எடுத்துவிட்டு, ரிசல்ட் வரும்வரை கருவை உறைய வைக்கிறார்கள். ஒரேயொரு பழுதான ஜீன் உள்ள கருவை ஒதுக்க வேண்டியதில்லை. அந்தக் குழந்தை உங்களைப் போலவே நன்றாக இருக்கும்.

ஆனால் பத்து முட்டை எடுத்தால் பத்து கரு கிடைக்காது. சில கருவாவதே இல்லை. சில ஐந்தாம் நாளுக்கு முன்பே நின்றுவிடும். மிஞ்சியதில் சராசரியாக நாலில் ஒன்று நோயுள்ளது. சில சமயம் வைப்பதற்கு ஒரு கருகூட மிஞ்சாமல் போகும். மனதையும் பர்ஸையும் இதற்குத் தயார்படுத்திக்கொள்ளுங்கள்.

இன்னொரு வகை, குரோமோசோம்களின் எண்ணிக்கையைப் பார்ப்பது. குடும்பத்தில் பரம்பரை நோய் எதுவும் இல்லாதவர்களிடமும், 'இதையும் சேர்த்துப் பண்ணிடலாமே' என்பார்கள். அவசரப்பட்டுத் தலையாட்டாதீர்கள். 2019-ல் வெளியான பல நாட்டு ஆய்விலும், 2021-ல் வந்த சீன ஆய்விலும் இந்த டெஸ்ட்டால் மொத்தத்தில் வெற்றி கூடவில்லை. ஒரே கருவில் சில செல்கள் சரியாகவும் சில தவறாகவும் இருக்கலாம். சுவரில் எடுத்த ஐந்தாறு செல்லை வைத்து நல்ல கருவையே தள்ளிவிடும் ஆபத்தும் உண்டு. வயது கூடியவர்கள், அடிக்கடி கரு கலைந்தவர்கள் டாக்டரிடம் 'என் விஷயத்தில் இதனால் என்ன லாபம்?' என்று நேரடியாகவே கேளுங்கள்.

'அப்படியே ஆணா பெண்ணான்னும் பார்த்துடலாமா?' கூடவே கூடாது! 1994-ம் ஆண்டுச் சட்டத்தை 2003-ல் திருத்தி இதையும் சேர்த்துவிட்டார்கள். கேட்பவருக்கும் சிறை உண்டு.

டெஸ்ட்டில் பாஸான கரு தங்கிய பிறகும், 16-வது வாரம் வாக்கில் பனிக்குட நீரைச் சோதித்து உறுதி செய்யச் சொல்வார்கள். அபூர்வமாகத் தவறு நேர்வதுண்டு என்பதால்தான்.

கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறதா, அதுவும் சொந்தத்திலேயே? ஹீமோகுளோபின் ஏ2 அளவைக் காட்டும் சாதாரண ரத்தப் பரிசோதனை ஒன்று இருக்கிறது. இருவரில் ஒருவருக்கு நார்மல் என்றாலே, தீவிர பீட்டா தலசீமியா பற்றிய பயம் அநேகமாக நீங்கிவிடும். இருவருக்கும் சரியில்லை என்றால், முதல் குழந்தைக்கு முன்பே மரபியல் நிபுணரைப் பாருங்கள்.