நின்ற கப்பல்களும் நிழற்படமும்

கப்பல் என்றால் ஓடுவது. ஓடாத கப்பலைக் காணும்பொழுது, நம்மை அறியாமலே, அதற்கு என்ன நேர்ந்தது என்று கேட்கத் தோன்றுகிறது. 2020ஆம் ஆண்டில் இக்கேள்வி உலகின் பல கடற்கரைகளில் ஒரே சமயத்தில் எழுந்தது. விளக்கும் இசையும் விருந்துமாக ஊர் ஊராகச் சுற்றிவந்த உல்லாசக் கப்பல்கள், கொரோனாத் தொற்றின் காரணமாகப் பயணிகளை இறக்கிவிட்டு, கரைக்கு எட்டிய தொலைவில் நங்கூரமிட்டு நின்றன. கரையில் இருந்தோர் அவற்றைப் படம் பிடித்தனர். அப்படங்களை எடுப்பது எவ்வாறு, அவற்றைப் படிப்பது எவ்வாறு என்னும் இரண்டையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கடலே இல்லாத தில்லியில் இருந்துகொண்டு கப்பலைப் பற்றி ஆராய்வானேன் என்று சிலர் வினவக்கூடும். அவ்வினாவிற்கு விடை கட்டுரையிலேயே வரும்.

1. கப்பல்கள் ஏன் நின்றன?

2020 பிப்ரவரி 3ஆம் நாள் ‘டயமண்டு பிரின்சஸ்’ என்னும் உல்லாசக் கப்பல் சப்பான் நாட்டின் யோகோகாமாவை அடைந்தது. பயணிகளும் பணியாளருமாக 3,711 பேர் அதில் இருந்தனர். தொற்று கண்டறியப்பட்டதால் கப்பல் முழுவதும் ஒதுக்கிவைக்கப்பட்டது. இறுதியில் எழுநூறு பேருக்கு மேல் நோய்க்கு ஆளாயினர். ஒரே உணவுக்கூடம், ஒரே நடைபாதை, அடுத்தடுத்த சிற்றறைகள் என்ற அமைப்பு நோய் பரவுவதற்கு எத்துணை வாய்ப்பானது என்பதை உலகம் அன்று கண்டது.

மார்ச்சு 11ஆம் நாள் உலகச் சுகாதார நிறுவனம் இதனை உலகளாவிய தொற்று என்று அறிவித்தது. அதே வாரத்தில் உல்லாசக் கப்பல் நிறுவனங்கள் பயணங்களை நிறுத்தின. இங்கு ஒரு சிக்கல் எழுந்தது. எல்லாக் கப்பல்களும் ஒரே நாளில் கரையணைய வேண்டியிருக்கும் என்று எண்ணி எந்தத் துறைமுகமும் கட்டப்படவில்லை. ஒரு கப்பல் வர, மற்றொன்று புறப்படும் என்பதே துறைமுகக் கணக்கு. இடம் போதாமையாலும், துறைமுகத்தில் நிற்பதற்குக் கட்டணம் மிகுதியாகையாலும், கப்பல்கள் கடலில் நங்கூரமிட்டன. இங்கிலாந்தின் தென்கரையில் வெய்மத்து, டார்பே முதலிய விரிகுடாக்களிலும், பிலிப்பைன்சு நாட்டின் மணிலா விரிகுடாவிலும் அவை கூட்டமாக நின்றன. டார்பே மேல்காற்றிலிருந்து நிலத்தால் காக்கப்பட்ட இடம். கப்பல் நிற்குமிடத்தைக் காற்றின் திசையே பெரிதும் முடிவு செய்கிறது என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

2. தில்லிக்கு வந்த கப்பல் மக்கள்

டயமண்டு பிரின்சசு கப்பலில் 138 இந்தியர் இருந்தனர். அவர்களுள் 132 பேர் பணியாளர், அறுவரே பயணிகள். பணியாளருள் தமிழரும் உண்டு. 2020 பிப்ரவரி 27ஆம் நாள் ஏர் இந்தியா விமானம் ஒன்று 119 இந்தியரையும் ஐந்து வெளிநாட்டவரையும் தில்லிக்குக் கொண்டுவந்தது. அவர்கள் அருகிலுள்ள மானேசரில் தனித்துத் தங்கவைக்கப்பட்டனர். ஆகவே கடல் இல்லாத நம் தலைநகரமே அக்கப்பலிலிருந்து வந்த இந்தியருக்கு முதற் கரையாயிற்று.

இக்கப்பலைப் பற்றி இருவகைப் படங்கள் வெளிவந்தன. கரையில் நின்ற செய்தியாளர் எடுத்த படங்களில் வெண்மையான பெரிய கப்பலும், மாடங்களில் நிற்கும் சிறுசிறு உருவங்களும் தெரிந்தன. உள்ளிருந்த இந்தியப் பணியாளர் சிலர் கைப்பேசியில் தம்மையே படம் பிடித்து, தம்மை மீட்குமாறு வேண்டி வெளியிட்டனர். முதல்வகைப் படம் அழகாக இருந்தது. இரண்டாவது வகைப் படத்தில் அழகில்லை. ஆனால் அதில் மனிதர் இருந்தனர். இவ்வேறுபாட்டை மனத்திற் கொண்டு மேலே செல்வோம்.

3. தொலைவும் உயரமும்

கடலில் நிற்கும் கப்பலைப் படம் எடுக்க விரும்புவோர் முதலில் அறியவேண்டுவது, எவ்வளவு தொலைவு வரை கண்ணுக்குத் தெரியும் என்பது. இதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. கடல் மட்டத்திலிருந்து நம் கண்ணின் உயரத்தை மீட்டரில் எடுத்து, 13ஆல் பெருக்கி, வர்க்கமூலம் கண்டால், தொடுவானத்தின் தொலைவு ஏறக்குறையக் கிலோமீட்டரில் கிடைக்கும். மணலில் நிற்பவரின் கண் 1.6 மீட்டர் உயரத்தில் இருப்பின், தொடுவானம் சுமார் 4½ கிலோமீட்டரில் உள்ளது. 20 மீட்டர் உயரமுள்ள குன்றில் ஏறினால் அது 16 கிலோமீட்டராகிறது.

12 கிலோமீட்டர் தொலைவில் ஒரு கப்பல் நிற்பதாகக் கொள்வோம். மணலில் நின்று பார்ப்பவருக்கு அதன் அடிப்பகுதியில் நான்கு மீட்டருக்கு மேல் கடலின் வளைவில் மறைந்துவிடும். கப்பல் பாதி மூழ்கியதுபோல் படத்தில் தோன்றும். குன்றின்மேல் நின்று எடுப்பவருக்கு நீர்க்கோடு வரை முழுக்கப்பலும் கிடைக்கும். ஆகவே விலையுயர்ந்த வில்லையை வாங்குமுன் ஒரு மாடிப்படியை ஏறிப் பார்ப்பது நன்று.

அடுத்தது வில்லையின் குவியத் தொலைவு. 245 மீட்டர் நீளமுள்ள கப்பல் 5 கிலோமீட்டர் தொலைவில் பக்கவாட்டில் நிற்கிறது எனக் கொள்க. 50 மில்லிமீட்டர் வில்லை அதன் உருவத்தை இரண்டரை மில்லிமீட்டர் நீளத்திற்கே தரும். 36 மில்லிமீட்டர் அகலமுள்ள படச்சட்டத்தில் அஃது ஓர் அரிசிமணியின் பாதி அளவுதான். 200 மில்லிமீட்டர் வில்லை ஏறக்குறையப் பத்து மில்லிமீட்டர் அளவிலும், 400 மில்லிமீட்டர் வில்லை சட்டத்தின் பாதிக்கு மேலும் அவ்வுருவத்தைத் தரும்.

4. ஒளியும் நேரமும்

சென்னை போன்ற கீழைக்கரையில் காலை ஞாயிறு கப்பலுக்குப் பின்னே எழுகிறது. அப்பொழுது கப்பல் கரிய நிழலுருவாகவே விழும். பிற்பகலில் ஞாயிறு நம் முதுகுப்புறம் வந்து கப்பலின் பக்கங்களை விளக்கும். மும்பை போன்ற மேலைக்கரையில் இது தலைகீழாகும். பெயர், கொடி, துருவின் கறை முதலியவை தெரிய வேண்டுமாயின் ஒளி நம் பின்னிருந்து செல்லவேண்டும். நண்பகலில் கடற்பரப்பின்மேல் காற்று நடுங்குவதால் தொலைவிலுள்ள பொருளின் விளிம்புகள் கலங்கும். காலையும் பிற்பகலின் பின்பகுதியுமே ஏற்ற வேளைகள்.

இரவுப் படத்திற்கு முக்காலித் தாங்கி வேண்டும் என்பர். தாங்கி நம் படப்பெட்டியை அசையாமல் நிறுத்தும், கப்பலை நிறுத்தாது. நங்கூரமிட்ட கப்பல் அலையில் ஆடிக்கொண்டும், காற்றிலும் நீரோட்டத்திலும் நங்கூரத்தைச் சுற்றித் திரும்பிக்கொண்டும் இருக்கும். எனவே நெடுநேரம் ஒளியை உள்ளே விடாமல், இயன்ற அளவு விரைவாக மூடுதல் வேண்டும்.

5. படத்தைப் படித்தல்

நின்ற கப்பலின் படம் ஓர் ஆவணம். படிக்கத் தெரிந்தவனுக்கு அது பல செய்திகளைக் கூறும்.

பகலில் கப்பலின் முன்பகுதியில் கரிய உருண்டை ஒன்று தொங்குமாயின், அது நங்கூரமிட்டுள்ளது என்பதற்கு உலகக் கடல்விதிகள் வகுத்த அடையாளம். இரவில் அதற்கு மாற்றாக வெண்விளக்குகள் எரியும். நூறு மீட்டரும் அதற்கு மேலும் நீளமுள்ள கப்பல் தளங்களையும் விளக்கேற்றிக் காட்டவேண்டும். எனவே இரவில் ஒளிரும் கப்பலைப் பார்த்து, உள்ளே கொண்டாட்டம் நடக்கிறது என்று எண்ணுதல் தவறு. அவ்வொளியுள் ஒரு பகுதி விதியின்படி ஏற்றப்பட்டது.

பல கப்பல்கள் ஒரே திசையை நோக்கி நின்றால், யாரோ ஒழுங்காக வரிசைப்படுத்தினர் என்பதன்று பொருள். காற்றும் நீரோட்டமும் அவற்றை அவ்வாறு திருப்பின என்பதே உண்மை. சில மணி நேரம் கழித்து அவ்விடத்திலிருந்தே மற்றொரு படம் எடுத்தால், கடலோட்டம் மாறியது தெரியும்.

புகைபோக்கியில் மெல்லிய புகை காணப்படின், மின்சாரம் உண்டாக்கும் பொறி ஓடுகிறது. உள்ளே மனிதர் வாழ்கின்றனர் என்பது உறுதி. பயணிகள் இல்லாத கப்பலையும் ஆளில்லாமல் விடமுடியாது. பொறிகளைக் காக்கவும், நங்கூரத்தைக் கண்காணிக்கவும், தீ வாராமல் பார்க்கவும் ஒரு சிறு கூட்டம் அங்கே எப்பொழுதும் இருந்தாகவேண்டும்.

6. படம் சொல்லாதது

படம் சான்று கூறுவது போலவே மயக்கவும் கூடும். தொலைவில் நின்று நீண்ட வில்லையால் எடுக்கும்பொழுது, முன்னும் பின்னுமாக வெகுதூரம் விலகிநிற்கும் கப்பல்கள் ஒன்றையொன்று உரசுவன போலத் தோன்றும். கரையில் குளிப்பவர் தலைக்குமேல் கப்பல் கவிந்து நிற்பது போலவும் காட்டலாம். 2020 ஏப்ரலில் டென்மார்க்கு நாட்டுப் படப்பிடிப்பாளர் இருவர், ஒரே கூட்டத்தை நீண்ட வில்லையாலும் அகன்ற வில்லையாலும் எடுத்து வெளியிட்டனர். ஒன்றில் மக்கள் நெருங்கி நின்றனர். மற்றொன்றில் விலகி நின்றனர். இரண்டும் உண்மைப் படங்களே. ஆகவே எந்த இடத்திலிருந்து, எந்த வில்லையால் எடுத்தோம் என்று சொல்லுவது கடமையாகிறது.

இதனினும் பெரிய மறைப்பு ஒன்று உண்டு. மாலைச் செவ்வானத்தில் அமைதியாக நிற்கும் கப்பலின் படத்தில், வீடு திரும்ப இயலாத பணியாளர் தெரியமாட்டார். எல்லைகள் மூடப்பட்டதால், ஒப்பந்தக் காலம் முடிந்தும் இறங்க முடியாமல் தவித்த கடலோடிகள், சரக்குக் கப்பல்களில் உள்ளோரையும் சேர்த்து, ஒரு கட்டத்தில் நான்கு இலட்சம் பேர் எனப் பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு மதிப்பிட்டது. 2020 ஏப்ரலில் ‘மரெல்லா டிஸ்கவரி’ என்னும் கப்பலில் வந்த இந்தியப் பணியாளர் நூற்றுவருக்கு மேற்பட்டோர் மும்பைக்கு எதிரே கடலில் காத்திருந்து, 23ஆம் நாளே கரையில் இறங்க முடிந்தது. தாய்நாட்டின் விளக்குகள் கண்ணுக்குத் தெரிய, கால் வைக்க முடியாத நாட்கள் அவை. கரையிலிருந்து எடுத்த எந்தப் படமும் அந்நாட்களைக் காட்டாது. கப்பலின் பெயர், நாள், உள்ளே எத்தனை பேர், அவர்கள் எதற்காகக் காத்திருந்தனர் என்று படத்தின் கீழ் எழுதும் இரண்டு வரிகளே காட்டும்.

7. இறுதிப் படங்கள்

அன்று நின்ற கப்பல்களுள் சில மீண்டும் பயணிகளை ஏற்றவே இல்லை. ‘கர்ணிகா’ என்ற கப்பல் 2019இல் மும்பையிலிருந்து உல்லாசப் பயணம் தொடங்கியது. 1990இல் இத்தாலியில் கட்டி முடிக்கப்பட்ட அக்கப்பலின் தோற்றத்தை, டால்பின் மீனின் வடிவத்தைக் கருத்திற் கொண்டு இரென்சோ பியானோ என்னும் கட்டடக் கலைஞர் அமைத்தார். பல பெயர்களைத் தாங்கிப் பல கடல்களைக் கண்ட அது, 2020இல் மும்பையில் நின்றது. அவ்வாண்டு முடிவதற்குள் குசராத்தின் அலாங் கரையில் உடைப்பதற்காக ஏற்றப்பட்டது. 1965இல் சோவியத்து நாட்டிற்காகக் கட்டப்பட்ட ‘மார்க்கோ போலோ’வும் 2021 சனவரியில் அதே கரைக்கு வந்து சேர்ந்தது. அலாங்கில் கடல் மிக உயர்ந்து ஏறி மிகத் தாழ்ந்து வடியும். ஏற்றத்தில் கப்பலைக் கரைமேல் செலுத்தி, வடிந்தபின் வெட்டுவர். இவ்வாறு மறைந்த கப்பல்களைப் பற்றி, நின்ற நாட்களில் எடுத்த படங்களே முழு உருவத்திற்கு இறுதிச் சான்றுகளுள் சேரும். விளையாட்டாக எடுத்த படம் வரலாறாவது இப்படித்தான்.

8. தில்லி மாணவர்க்கு

கப்பல் நின்றதுபோலவே தில்லியில் ஓடுவன எல்லாம் நின்றன. 2020 மார்ச்சு 22 முதல் மெட்ரோ இரயில் நின்றது. செப்டம்பர் 7இல்தான் படிப்படியாக மீண்டது. மார்ச்சு 25 முதல் இரண்டு மாதம் உள்நாட்டுப் பயணிகள் விமானங்கள் பறக்கவில்லை. சூனில் ஆனந்த விகார் நிலையத்தில் இரயில் பெட்டிகள் நோயாளிகளுக்கான அறைகளாக மாற்றி நிறுத்தப்பட்டன. அந்நாட்களில் எடுத்த படங்கள் நம் வீட்டார், உறவினர், விடுதி நண்பர் ஆகியோரின் கைப்பேசிகளில் இன்றும் உள்ளன. ஆனால் அவற்றுள் பெரும்பாலானவற்றிற்கு ஒருவரிக் குறிப்பும் இல்லை. எடுத்தவரின் நினைவு மங்கினால், காலியான தெரு ஒன்று எந்தத் தெரு என்பதும் தெரியாமற் போகும். கைப்பேசி பழுதானால் படமே போய்விடும்.

ஆதலின் மாணவர் ஒவ்வொருவரும் பின்வரும் பயிற்சியை மேற்கொள்ளலாம்.

அ. 2020, 2021 ஆகிய ஆண்டுகளில் எடுத்த படங்களுள் ஐந்தினைத் தேர்ந்தெடுக்க.

ஆ. ஒவ்வொன்றிற்கும் நாள், இடம், எடுத்தவர் நின்ற இடம், பார்த்த திசை ஆகியவற்றைக் குறிக்க.

இ. படத்தில் தெரியாத ஒன்றை, ஆனால் அப்பொழுது அங்கே இருந்த ஒன்றை, இரண்டு வரிகளில் எழுதுக.

ஈ. பிறர் துன்பத்தைக் காட்டும் படமாயின், அவர் இசைவு பெறாமல் வெளியிடற்க.

உ. விமான நிலையம், துறைமுகம் போன்ற காவலுக்குரிய இடங்களில் புதிதாகப் படம் எடுக்க விரும்பினால் உரிய அனுமதியை முன்னரே பெறுக.

இவற்றுள் மூன்றாவதே அரிய பயிற்சி. யோகோகாமாக் கப்பலின் வெண்மையை உலகம் முழுவதும் பார்த்தது. அதனுள் சமைத்தும் கழுவியும் உணவு கொண்டுசென்றும் தாமே நோய்க்கு அஞ்சி நின்ற நம்மவரை, அவர்களே படம் பிடித்துக் காட்டியபின்தான் நாம் பார்த்தோம். நின்ற பொருளைப் படம் எடுக்க வில்லையும் ஒளியும் போதும். அதனுள் நின்ற மனிதரைக் கேட்டறிந்து எழுதும் பொழுதே அப்படம் முழுமை பெறும்.