எந்த ‘லைட்’ என்று சொல்லுங்கள்

அன்புள்ள தம்பிக்கு,

ஏற்காட்டுக் காப்பி விவசாயிகளுக்காக நீங்கள் தொகுத்திருக்கும் ஆங்கிலம்-தமிழ்ச் சொற்பட்டியலை முழுக்கப் படித்தேன். அகராதி செய்கிறவர்களுக்குரிய பாலபாடத்தை உங்களிடம் ஒப்பிக்கப் போவதில்லை. அது உங்களுக்குத் தெரியும். என்னை உறுத்துவது ஓரிடம். எதிர்ச்சொல் கட்டத்தில் ‘லைட்’ என்பதற்கு நேரே ‘கனமான, இருண்ட’ என்று எழுதிவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விட்டீர்கள். காப்பி பற்றிய ஆங்கில நூல்களில் இந்தப் பெயரடை எங்கெல்லாம் வருகிறது என்று பாருங்கள். நிழலுக்கு வருகிறது, கவாத்துக்கு வருகிறது, மண்ணுக்கும் மழைக்கும் வருகிறது, வறுவலுக்கு வருகிறது, கடைசியில் நாக்கில் படும் காப்பிக்கும் வருகிறது. ஆறு இடத்திலும் அதன் எதிர்ப்பக்கம் வேறு வேறு. நீங்கள் கொடுத்த ‘கனமான’ தமிழில் தடையில்லாமல் ஒட்டுவது மழைக்கு மட்டும்தான். அதுவும் கனமழை என்று வானிலைச் செய்தியில் கேட்டுக் கேட்டுக் காது பழகியதால்.

நிழலையே எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் காப்பி நிழலில் வளரும் பயிர். மேலே சில்வர் ஓக், அதில் ஏறிய மிளகுக்கொடி, கீழே கல்யாண முருங்கை என்று அடுக்காக நிற்கும் மரங்களில் எந்தக் கிளையை எப்போது கழிப்பது என்பதில்தான் ஒரு தோட்டக்காரரின் கைத்திறன் இருக்கிறது. ‘லைட் ஷேட்’ என்றால் இலைக்கூரை விலகி நின்று வெயிலைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விடுகிற நிழல். அதற்கு எதிர் அடர்நிழல். உங்கள் பட்டியலை நம்புகிறவருக்கோ ‘இருண்ட’ என்பதுதான் கண்ணில் படும். அப்படியானால் ‘லைட்’ என்பது வெளிச்சம் என்று அவர் முடிவு செய்வார். ‘லைட் ஷேட்’ வேண்டும் என்று எழுதியிருந்தால் வெளிச்சத்துக்காக மரத்தை மொட்டையடிக்கத் தோன்றும். நேர்வெயில் விழும் அராபிகாச் செடியில் வெள்ளைத் தண்டுத் துளைப்பான் ஏறும் என்பதும், நிழல் மிஞ்சி ஈரம் தேங்கினால் காய்த்துளைப்பான் பெருகும் என்பதும் மலையில் எல்லாருக்கும் தெரிந்தவை. எதிர்ச்சொல் தவறினால் நேர்ச்சொல்லும் தவறிவிடுகிறது. வாசகர் ஒரு சொல்லின் எல்லையைக் கண்டுபிடிப்பது அதன் மறுபக்கத்தை வைத்துத்தான்.

‘கனமான’ என்பதன் கதி இன்னும் மோசம். ஆங்கிலேயர் மணற்பாங்கான மண்ணை ‘லைட்’ என்றும் களிமண்ணை ‘ஹெவி’ என்றும் சொல்வது எடையைப் பார்த்து அல்ல, ஏர் இழுக்கும் சிரமத்தைப் பார்த்து. உலர்ந்த நிலையில் ஒரு கன சென்டிமீட்டர் மணல்மண் ஏறத்தாழ 1.6 கிராம் இருக்கும், களிமண் 1.2, 1.3 கிராம் அளவில் நிற்கும். அதாவது ‘லைட்’ மண்தான் எடை கூடியது. காப்பிக்கொட்டையிலும் இதே கதை. வறுக்க வறுக்க ஈரமும் வாயுவும் போய்க் கொட்டை எடை இழக்கிறது. இளவறுவலில் ஏறத்தாழ 12 முதல் 14 சதவீதம், கறுக்க வறுத்தால் 18, 20 சதவீதம் வரை. ஆக ‘லைட் ரோஸ்ட்’ கொட்டை, ‘டார்க் ரோஸ்ட்’ கொட்டையைவிடக் கனம். உங்கள் கட்டத்தில் உள்ள எதிர்ச்சொல்லை இந்த இரண்டு இடத்திலும் ஒருவர் பொருத்திப் பார்த்தால் உண்மைக்கு நேர்மாறான செய்தியை எடுத்துக்கொண்டு போவார். கவாத்துக்கு இருட்டும் இல்லை, எடையும் இல்லை. லேசான கவாத்துக்கு எதிர் கடுங்கவாத்து, அவ்வளவுதான்.

நான் சொல்ல வருவது இதுதான்: எதிர் என்பது தனிச்சொல்லுக்கு உரியதல்ல, அது சேர்ந்து நிற்கும் பெயரோடு கூடிய சொல்லுக்கு உரியது. இதை நாம் வெளியிலிருந்து கற்க வேண்டியதில்லை. தொல்காப்பியத்தின் கிளவியாக்கம் பல பொருள் தரும் ஒரு சொல்லைப் பற்றிப் பேசும்போது, அது கொள்ளும் வினை, அதன் இனம், அதன் சார்பு என்ற மூன்றைக் கொண்டே பொருளைத் தெளிய வேண்டும் என்று வகுத்திருக்கிறது. மா பூத்தது என்றால் மரம், கவசம் பூண்டு நிற்பவன் மாவைக் கொண்டுவரச் சொன்னால் குதிரை என்று உரைகாரர்கள் விளக்கினார்கள். பொருளைத் தெளிய இவ்வளவு துணை வேண்டுமென்றால், எதிர்ப்பொருளைத் தெளிய மட்டும் எதுவும் வேண்டாமா? 1852இல் பீட்டர் மார்க் ரோஜே ஆங்கிலச் சொற்களஞ்சியத்தை வெளியிட்டபோது எதிரெதிர்ப் பத்திகளில் நிறுத்தியது கருத்துகளை. அதனால் ‘லைட்’ அங்கே எடைக்கு எதிரிலும் நிற்கிறது, இருளுக்கு எதிரிலும் நிற்கிறது, தனித்தனி இடங்களில்.

நீங்கள் என்ன மறுப்பு சொல்வீர்கள் என்று ஊகிக்க முடிகிறது. சொன்னவுடன் இணைச்சொல் தானாக நாவில் வருகிறதே, சூடு என்றால் குளிர் என்கிறார்களே, அப்படியானால் எதிர் சொற்களுக்குள்தானே இருக்கிறது என்பீர்கள். பாதி உண்மை. ‘லைட்’டுக்கு ‘ஹெவி’ என்று ஆங்கிலேயர் நாவில் வருவது உறுதியான இணைதான், ஆனால் அது எடை என்ற ஒரு பொருளுக்குள் கட்டுண்ட இணை. ஒளியைக் குறிப்பதும் எடையின்மையைக் குறிப்பதும் வேறு வேறு வேரிலிருந்து வந்து பழைய ஆங்கிலத்திலேயே உருவம் ஒத்துப்போன இரண்டு சொற்கள். இரண்டு சொற்களின் எதிர்களை ஒரே கட்டத்தில் காற்புள்ளி போட்டு அடைத்திருக்கிறீர்கள். இடத்தைப் பார்த்து வாசகரே புரிந்துகொள்வார் என்பது அடுத்த மறுப்பாக இருக்கலாம். இடம் புரிந்தவர் உங்கள் பட்டியலைத் திறக்கவே மாட்டார். புரியாமல் நின்றவர்தான் திறக்கிறார். விவசாயிக்கு எளிமை வேண்டும் என்ற வாதத்துக்கு மட்டும் மதிப்புக் கொடுக்கிறேன். ஆனால் ‘லைட் (நிழல்) × அடர்ந்த, லைட் (கவாத்து) × கடுமையான’ என்று ஆறு வரி எழுதுவதில் எளிமை எங்கே கெட்டது? பச்சை இலைக்குச் சருகு, பச்சரிசிக்குப் புழுங்கலரிசி, பச்சைத் தண்ணீருக்கு வெந்நீர் என்று ஒரே பச்சைக்கு மூன்று எதிர்களைப் பள்ளிக்கூடம் போகாதவரும் பிசகாமல் சொல்வார். அவருக்கு ஆறு வரி பாரமில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எதிர் கிடைக்காத இடத்திலெல்லாம் ‘அற்ற’, ‘ஆத’ என்று ஒட்டுப் போடுகிறீர்கள். பழுத்ததற்கு எதிர் ‘பழுக்காத’ என்று எழுத என்ன அவசியம்? காய் என்று சொல் இருக்கிறது. காய்க்கும் பழத்துக்கும் நடுவில் செங்காய் என்று ஒரு நிலைக்கும் பெயர் வைத்திருக்கும் மொழி இது. ஒட்டுச்சொல் அந்த நடுநிலையை விழுங்கிவிடும். கூடையில் செங்காய் விழலாமா கூடாதா என்பது பறிப்பு நாளில் கூலியைத் தொடும் கேள்வி.

இவ்வளவு கோபம் வரக் காரணம், அதே பட்டியலில் ‘செர்ரி’க்கு நீங்கள் எழுதியிருக்கும் பதிவு. பறிப்பில் செர்ரி என்றால் பழம், அதற்கு எதிர் காய். சந்தையில் செர்ரி என்றால் பழத்தோலோடு காயவைத்த சரக்கு, அதற்கு எதிர் தோல் நீக்கி, கழுவிக் காயவைத்த பார்ச்மெண்ட். இதைப் படித்தபோது எழுந்து நின்று கைதட்டத் தோன்றியது. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்தில் காப்பியோடு இந்த மலையேறிய சொற்கள், நாகலூரிலும் மஞ்சக்குட்டையிலும் புழங்கிப் புழங்கித் தமக்கென்று எதிர்களைச் சேர்த்துக்கொண்டன. எந்தப் பெரிய அகராதியும் அந்த இரண்டு வரியை இவ்வளவு சுத்தமாகச் சொல்லிப் பார்த்ததில்லை. அதை எழுதிய கை ‘லைட்’டை இப்படி விட்டிருக்கக் கூடாது.

அடுத்த பதிப்புக்கு முன்னால் ‘டிரை’ என்ற சொல்லைத் திரும்ப எழுதி எனக்கு அனுப்புங்கள். பருவத்துக்கு அதன் எதிர் மழைக்காலம், பக்குவ முறைக்கு அதன் எதிர் கழுவும் முறை. குடோனில் கிடக்கும் பார்ச்மெண்டுக்கோ, ஈரப்பதம் 10 சதவீதத்தில் நின்றால் அது உலர்ந்த சரக்கு. அங்கே எதிர்கள் இரண்டு: காய்ச்சல் போதாதது ஒன்று, அளவுக்கு மீறிக் காய்ந்தது மற்றொன்று. இரண்டையும் எழுதுங்கள்.

அன்புடன்.