வளர்ப்பு மீனின் தீவனமும் நம் பேணுதலும்

நீரில் பிடிக்கப்படும் உணவை அல்லாஹ் நமக்கு ஆகுமாக்கியிருப்பதை அல்மாயிதா அத்தியாயத்தின் 96-வது வசனம் அறிவிக்கிறது. மீனை அறுக்க வேண்டியதில்லை. ஆனால் உண்பது ஹலாலாக இருப்பதோடு நல்லதாகவும், தூயதாகவும் இருக்க வேண்டுமென்பதை அல்பகரா அத்தியாயத்தின் 168-வது வசனம் நினைவூட்டுகிறது. ஆற்று மீன் தன் இரையைத் தானே தேடிக் கொள்கிறது. வளர்ப்பு மீனுக்கோ நாம் போடுவதே இரை. எனவே அதைத் தூய உணவாக ஆக்குவது வளர்ப்பவரின் பொறுப்பாகிறது.

ஜவ்வாது மலையில் பெய்யும் மழை செய்யாறாகவும், கமண்டல நதியாகவும் இறங்கி வருகிறது. படவேட்டுக்கு அருகே அதைத் தேக்குகிறது செண்பகத்தோப்பு அணை. மலையடிவாரங்களில் இவ்வாறு நீர் தேங்கும் ஏரி குளங்கள் கட்லா, ரோகு, மிர்கால் மீன்களை வளர்க்க ஏற்றவை. இத்தொழிலில் இறங்கும் நம் சகோதரர்களும், மீன் வாங்கும் குடும்பங்களும் அறிய வேண்டிய சில செய்திகள் உள்ளன.

சேர்க்கத் தக்கவை

தவிடும் கடலைப் பிண்ணாக்கும் சம அளவில் கலந்த தீவனமே நெடுநாளைய வழக்கம். இதனுடன் தாது உப்புக் கலவையும், வைட்டமின்களும் சேர்த்தால் மீன் நோயைத் தாங்கும். வைட்டமின் சி-யைப் பெரும்பாலான மீன்கள் தம் உடலில் தாமே உண்டாக்கிக் கொள்வதில்லை. அது குறைந்தால் முதுகெலும்பு வளையும். புண் ஆறத் தாமதமாகும். சூடு பட்டால் அது கெடுமாதலால், வேக வைத்த தீவனம் ஆறிய பின்பே கலக்க வேண்டும். குடலுக்கு நன்மை செய்யும் நுண்ணுயிர்க் கலவைகளையும் இன்று சேர்க்கிறார்கள்.

பூஞ்சணம் பிடித்த பிண்ணாக்கை எதைக் கலந்தும் நல்லதாக்க முடியாது. அதில் உண்டாகும் அஃப்ளடாக்சின் என்னும் நஞ்சு மீனின் ஈரலைக் கெடுக்கும். அதைக் கொட்டிவிடுவதே லாபம்.

சேர்க்கக் கூடாதவை

நோய் வருமுன்பே தினந்தோறும் சிறிதளவு ஆன்டிபயாடிக் மருந்தைத் தீவனத்தில் கலப்பது பெருந்தவறு. கிருமிகள் அம்மருந்துக்குப் பழகிவிடுகின்றன. பிறகு மனிதனுக்கு நோய் வரும்போது அதே மருந்து பலிப்பதில்லை. வேறு மருந்துகள் கைவிட்ட நோயாளிக்குக் கடைசியாகக் கொடுக்கப்படும் கோலிஸ்டினைக் கால்நடை, கோழி, மீன் வளர்ப்பிலும் அவற்றின் தீவனத்திலும் பயன்படுத்துவதற்கு இந்திய அரசு 2019-ல் தடை விதித்தது இதனால்தான். குளோராம்பெனிகாலும் நைட்ரோஃபியூரான் வகைகளும் மீன் வளர்ப்பில் தடை செய்யப்பட்டவையே. நமக்கும் தீங்கு கூடாது, பிறருக்கும் தீங்கு செய்யக் கூடாது என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வகுத்துத் தந்த நெறியல்லவா?

நோய் கண்ட மீனுக்கு மீன்வள அதிகாரிகளின் ஆலோசனைப்படி அனுமதிக்கப்பட்ட மருந்து கொடுக்கலாம். ஆனால் அவர்கள் குறிப்பிடும் நாட்கள் கழியும் வரை அம்மீனைப் பிடித்து விற்கலாகாது.

சட்டம் என்ன?

அசுத்தத்தையே பெரும்பாலும் தின்னும் பிராணிக்கு 'ஜல்லாலா' என்று பெயர். அதை உண்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்துள்ளார்கள். அத்தகைய பிராணியைக் கட்டி வைத்துச் சுத்தமான தீனி கொடுத்து, துர்நாற்றம் நீங்கிய பின் உண்ணலாம் என்பது இமாம்களின் விளக்கம். இப்னு உமர் (ரலி) அவர்கள் கோழியை மூன்று நாள் அடைத்து வைத்ததாக அறிவிப்பு உண்டு. கழிவைக் கொட்டி மீன் வளர்ப்போர் இந்தப் பேணுதலை எண்ணிப் பார்க்க வேண்டும்.

தானாகச் செத்து மிதக்கும் மீன் ஹனஃபி மத்ஹபில் கூடாது. ஷாஃபிஈ மத்ஹபில் கூடும். எனினும் நோயால் செத்து, உடலுக்குக் கெடுதி தருமென்று தெரிந்த மீனை எவரும் உண்ணலாகாது. அதை ஐஸில் புதைத்து நல்ல மீனோடு விற்பது மோசடி. தானியக் குவியலின் உள்ளே ஈரம் இருக்கக் கண்ட நபி (ஸல்) அவர்கள், அதை மக்கள் பார்க்கும்படி மேலே வைக்க வேண்டாமா எனக் கேட்டு, ஏமாற்றுபவர் தம்மைச் சேர்ந்தவரல்லர் என எச்சரித்தார்கள்.

குளத்தில் கலந்தது என்னவென்று வாங்குபவருக்குத் தெரியாது. அல்லாஹ் அறிவான். அந்த அச்சத்தோடு தீவனம் போடுபவரின் வருவாயில் அவன் பரக்கத் செய்வானாக! ஆமீன்.