கதவு நிலையை அறுக்க எந்த பிளேடு?

பழைய டைல் மேலேயே புது டைல் ஒட்டினால் குளியலறைக் கதவு நிலையின் அடியை அரை அங்குலம் அறுத்தாக வேண்டும். கை ரம்பத்துக்கு அங்கே இடம் இருக்காது. பங்சார் லக்கி கார்டனில் உறவினர் வீட்டில் இதே வேலை. புது மல்டிடூலில் கூடவே வந்த மர பிளேடை மாட்டி அழுத்தினார். அரை நிமிடத்தில் புகை. கழற்றிப் பார்த்தால் பல் எல்லாம் நீலம் பாய்ந்து மழுங்கிவிட்டது. மரத்தில் ஒரு கறுப்புக் கோடுதான் மிச்சம். மெஷின் சரியில்லை என்றார். மெஷின் மேல் குற்றமில்லை.

மல்டிடூல் பிளேடு சுற்றுவதில்லை. மூன்று, நான்கு டிகிரிக்குள் இடமும் வலமுமாக, நிமிடத்துக்கு 20,000 தடவை வரை ஆடுகிறது. ஜெர்மனியின் ஃபெய்ன் நிறுவனம் 1967இல் மருத்துவமனைகளில் மாவுக்கட்டை வெட்டக் கொண்டுவந்த கருவிதான் இதன் மூதாதை. கெட்டியான கட்டு அறுபடும். இளகிய தோல் பல்லோடு சேர்ந்து ஆடித் தப்பிக்கும். அதற்காக மர பிளேடைக் கைக்கு அருகே கொண்டுபோகாதீர்கள், அதன் பல் கூர்மையானது. சிங்க் ஓரத்து சிலிக்கானை ரம்பப் பல்லால் எடுக்க முடியாததற்கும் காரணம், இளகிய பொருள் பல்லோடு சேர்ந்து ஆடுவதுதான். அதற்குப் பல் இல்லாத கத்தி பிளேடு வாங்குங்கள்.

நிலைக்கு வருவோம். நம் பழைய வரிசை வீடுகளில் செங்கால், பாலாவ் போன்ற கெட்டி மரத்தைப் பார்க்கலாம். உள்ளே ஆணியும் இருக்கும். சாதாரண மர பிளேடு பிளைவுட்டுக்கும் மெராந்திக்கும் போதும். ஆணி இருக்கலாம் என்று சந்தேகம் வந்தாலே பைமெட்டல். கெட்டிப்படுத்திய ஸ்க்ரூ குறுக்கே வந்தால் கார்பைடு பல் மட்டுமே தாங்கும். விலை பல மடங்குதான். ஆனாலும் பத்து மலிவு பிளேடு அடங்கிய பாக்கெட்டைவிட ஒரு நல்ல கார்பைடு மேல் என்பேன். கெட்டி மரத்தில் அந்தப் பத்தும் ஒரே பிற்பகலில் தீர்ந்துவிடும். எந்த பிளேடானாலும் அழுத்தாதீர்கள். மெல்லப் பக்கவாட்டில் நகர்த்தினால் மரத்தூள் வெளியேறும், சூடு குறையும். இரும்பை அறுக்கும்போது வேகத்தைக் குறையுங்கள்.

டைல் இடுக்கு கிரௌட்டுக்குப் பல்லே வேண்டாம். கார்பைடு அல்லது வைரத் துகள் பதித்த அரைவட்ட பிளேடு போதும். இடுக்கைவிட அது தடிமனாக இருந்தால் டைல் ஓரம் பெயரும். முகக்கவசம் இல்லாமல் அந்தத் தூசியில் நிற்காதீர்கள்.

கடைக்குப் போகுமுன் மெஷினின் தலையைப் படம் பிடித்துக்கொள்ளுங்கள். ஸ்டார்லாக் என்ற பொருத்து வகை பிளேடு, ஸ்டார்லாக் பிளஸ், மேக்ஸ் மெஷின்களிலும் பொருந்தும். மேக்ஸ் பிளேடு சாதாரண ஸ்டார்லாக்கில் ஏறாது. போல்ட் வைத்து முடுக்கும் பழைய தட்டைத் தலை மெஷின் என்றால் இவை சேருமா என்று கடையில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று. பழைய வீட்டு சீலிங்கிலும் கூரையிலும் சிமெண்டு ஷீட் இருந்தால் அதில் அஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அந்தத் தூசி நுரையீரலில் பல வருடம் தங்கிப் புற்றுநோயை உண்டாக்கலாம். சோதித்துப் பார்க்கும்வரை அதன் மேல் எந்த பிளேடையும் வைக்காதீர்கள்.