விண்ணொளியைப் பகுக்கும் சிறு சில்லு

விண்மீன்கள் எட்டாத் தொலைவில் உள்ளன. அங்குச் சென்று ஆராய்ந்து மீண்டவர் எவரும் இலர். ஆயினும், அவற்றில் இன்னின்ன பொருள்கள் உள்ளன என்று அறிஞர் உறுதியுடன் கூறுகின்றனர். அஃது எவ்வாறு இயலும்? விண்மீன் விடுக்கும் ஒளியே அதன் செய்தியைக் கொணரும் தூது ஆகும்.

கதிரவன் ஒளி முப்பட்டகத்தின் வழியே செல்லும்போது பல நிறங்களாகப் பிரிவதை நீங்கள் அறிவீர்கள். அந்நிறமாலையின் இடையிடையே தோன்றும் கரிய கோடுகளை, ஜெர்மானிய அறிஞர் பிரான்ஹோபர் 1814ஆம் ஆண்டளவில் நுணுகி ஆராய்ந்தார். ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய கோடுகளை உண்டாக்கும் என்பதை 1859ஆம் ஆண்டையொட்டிக் கிர்க்காப், பன்சன் என்னும் இருவரும் நிலைநாட்டினர். அன்றுமுதல் நிறமாலைப் பதிவுக் கருவி வானியலாருக்கு இன்றியமையாத துணையாயிற்று.

ஆனால், இக்கருவிக்கு ஓர் இடர் உண்டு. காற்று மண்டலம் விண்மீனின் உருவத்தைக் கலக்கிப் பரப்புகின்றது. தொலைநோக்கியின் ஆடி பெரிதாகப் பெரிதாக, அதில் விழும் அவ்வுருவமும் பெரிதாகின்றது. அதனை நுட்பமாகப் பகுப்பதற்குக் கருவியும் பருக்க வேண்டியுள்ளது. சிலி நாட்டில் 39 மீட்டர் விட்டமுள்ள ஆடியுடன் ஒரு தொலைநோக்கி எழுந்து வருகின்றது. அத்தகைய தொலைநோக்கிக்குரிய கருவி ஓர் அறையையே அடைத்துக்கொள்ளும். செலவும் மிகும். வெப்பநிலை சிறிது மாறினும் கோடுகள் இடம்பெயரும்.

இவ்விடரைத் தீர்க்கும் வழி தொலைபேசித் துறையிலிருந்து கிடைத்தது. ஒரே கண்ணாடியிழையில் பல அலைநீளங்களில் செய்திகளை அனுப்பி, மறுமுனையில் அவற்றைப் பிரித்தெடுக்கும் சில்லுகள் அத்துறையில் வழங்கி வந்தன. கையளவே உள்ள அச்சில்லில் நுண்ணிய ஒளிவழிகள் பல அருகருகே அமைந்துள்ளன. ஒவ்வொரு வழியும் அடுத்த வழியைவிட ஒரே அளவு நீளம் மிகுந்தது. நெடிய வழியிற் செல்லும் அலை சற்றுப் பின்தங்கும். ஆதலின், வெளிவரும் அலைகள் தம்முட் கலக்கும்போது ஒவ்வொரு நிறமும் வெவ்வேறு இடத்தில் குவிகின்றது. முப்பட்டகம் செய்த பணியை இவ்வொளிவழிகள் செய்து முடிக்கின்றன.

இம்முறை விண்ணொளிக்கும் பொருந்துமா? ஆஸ்திரேலியாவிலுள்ள 3.9 மீட்டர் தொலைநோக்கியில் அறிஞர் இதனைச் சோதித்தனர். கொக்கு விண்மீன் குழுவிலுள்ள ஒரு விண்மீனின் அகச்சிவப்பு நிறமாலையில், கார்பன் மோனாக்சைடின் அடையாளத்தை அச்சில்லு காட்டிற்று. அம்முடிவு 2012இல் வெளியாயிற்று.

எனினும், பணி முற்றுப்பெறவில்லை. ஒளிவழியின் வாய் ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்களவே உடையது. கலங்கிப் பரந்த விண்மீனொளியை அதனுள் சிந்தாமற் புகுத்துவது அரிது. தொலைபேசியில் ஒளி குறைந்தால் மேலும் ஊட்டலாம். விண்மீனிடம் அவ்வாறு கேட்டுப் பெற இயலாது. பன்னூறு ஆண்டுகள் பயணம் செய்து வந்த ஒளியை வாயிலில் இழந்துவிடாமல் காப்பதே இன்று அறிஞர்முன் நிற்கும் பணியாகும். அதில் அவர்கள் வெல்வாராயின், அறையளவு கருவியின் பணியை ஒரு சிறு சில்லு ஏற்கும். விண்கலங்களும் அதனை எளிதிற் சுமந்து செல்லும்.