உழவு இயந்திரத்தின் திருகாணிகளை அறிந்து மாற்றுதல்

சேற்றுழவின்போது சுழல் கலப்பையின் கத்தியைப் பிடித்திருக்கும் திருகாணி முறியுமானால், வேலை தடைப்படும். அன்றியும், சேற்றிற் புதைந்த கத்தி நாற்று நடுவோரின் காலையும் வெட்டக்கூடும். முறிந்ததற்குப் பதிலாகக் கையிற் கிடைத்த திருகாணியைப் பூட்டுவதால் இத்தகைய தீங்கு நேருகின்றது. ஆதலால் கமக்காரர் ஒவ்வொருவரும் திருகாணியின் அளவையும் வலிமையையும் அறிந்திருத்தல் வேண்டும்.

அளவு

‘எம் 10 × 1.5’ என்ற குறியில், 10 என்பது புரியின் வெளிவிட்டம் 10 மி.மீ. என்பதையும், 1.5 என்பது அடுத்தடுத்த இரு புரிகளுக்கு இடையேயுள்ள தூரம் 1.5 மி.மீ. என்பதையும் காட்டும். இதே பருமனில் 1.25 மி.மீ. இடைத்தூரமுள்ள நுண்புரியும் உண்டு. இவை பார்வைக்கு ஒன்றுபோலிருப்பினும், ஒன்றன் நட்டு மற்றதற்குப் பொருந்தாது.

அங்குல முறையிலமைந்த 3/8 அங்குலத் திருகாணியின் பருமன் ஏறக்குறைய 9.5 மி.மீ. ஆகும். அது 10 மி.மீ. நட்டினுள் சில சுற்றுப் புகக்கூடும். ஆயினும் புரிகள் முழுமையாகப் பற்றாமையால் இழுவை வந்ததும் கழன்றுவிடும்.

பழைய திருகாணியில் பத்துப் புரியிடைகளை அடிமட்டத்தால் அளந்து பத்தால் வகுத்தால் இடைத்தூரம் தெரியும். சாவியின் எண்ணைத் திருகாணியின் அளவாகக் கொள்ளலாகாது. 10 மி.மீ. திருகாணியின் தலைக்கு 14, 16 அல்லது 17 மி.மீ. சாவி தேவைப்படலாம்.

வலிமை

தலையில் பொறிக்கப்பட்ட 4.6, 8.8, 10.9 ஆகிய எண்கள் வலிமையைக் குறிப்பன. முதல் எண்ணை 100 ஆற் பெருக்கினால், சதுர மில்லிமீற்றருக்கு எத்தனை நியூட்டன் இழுவையைத் தாங்கும் என்பது பெறப்படும். அவ்விழுவையில் எத்தனை பத்தில் ஒரு பங்கு வரை நிரந்தரமாக நீளாது நிற்கும் என்பதை இரண்டாம் எண் காட்டும். ஆகவே 8.8 தரம் 800 நியூட்டன் வரை முறியாது. 640 வரை நீளாது. எம் 10 × 1.5 திருகாணியொன்று 4.6 தரமாயின் சுமார் 2,300 கிலோகிராம் இழுவையையும், 8.8 தரமாயின் சுமார் 4,700 கிலோகிராம் இழுவையையும் தாங்கும்.

கவனிக்க வேண்டியவை

1. தலையில் குறியேதும் இல்லாத திருகாணியைக் கத்திகளுக்குப் பூட்டலாகாது.

2. 8.8 தரத் திருகாணிக்கு 8 என்னும் குறியுள்ள நட்டையே பயன்படுத்துக.

3. சில கருவிகளில், சுமை மிகுந்தால் தானே முறியும்படி ஒரு திருகாணி அமைக்கப்பட்டிருக்கும். அதனிடத்தில் வலிமை மிக்கதைப் பூட்டினால், கல்லில் மோதும்போது திருகாணிக்குப் பதிலாகக் கியர்ப் பெட்டியே உடையக்கூடும்.

4. இயந்திரத்தை நிறுத்திய பின்னரே திருகாணியை மாற்றுக. சிறிது நேரம் உழுதபின், மீண்டும் நிறுத்தி இறுக்கிப் பார்க்க.

கடைக்குச் செல்லும்போது பழைய திருகாணியையும் நட்டையும் உடன் கொண்டு செல்லுதல் நன்று.